பதினேழு சதவீதம்

மூட்டைக்கு நாற்பது கிலோ, சாக்கு எடை தனி.
மழை வரும் என்றார்கள், அதனால் லாரி வரவில்லை.
லாரி வராததால் இரவு ஒன்பதரைக்கு
கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய் மூடிய அட்டிகளுக்கு நடுவே,
நாங்கள் நால்வரும் ஆளெடுக்க உட்கார்ந்தோம்.

வெண்ணாற்றுக் கோப்பையில் எட்டு ஊர் கபடி ஆடும்.
நாங்கள் ஆடமாட்டோம்.
ஆளுக்கு ஏழு பேரைத் தாளில் எழுதிக்கொள்வோம்;
அங்கே அவன் தொட்டால் இங்கே எனக்குப் புள்ளி.
கடைசியில் வருகிறவன் மற்ற மூவருக்கும்
நீடாமங்கலத்தில் பரோட்டா வாங்கித் தரவேண்டும்.
கோழிக் குழம்பும் அதில் சேர்த்தியா என்ற வழக்கு
போன குறுவையிலிருந்து நிலுவையில் இருக்கிறது.

சீட்டில் எனக்கு முதல் எண் விழுந்தது.
முதலில் எடுப்பவனுக்கு அடுத்த முறை எட்டாவதாகத்தான் வரும்,
உடனே ஒன்பதாவதும் அவனுக்கே.
நடுவில் மூன்று பேர் ஆறு ஆட்களை அள்ளிவிடுவார்கள்.

வலங்கைமான் மாசிலாமணி.
வயது முப்பத்துமூன்று. இடது முட்டியில்
தஞ்சாவூரில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள்.
போன வருடம் ஒன்பது ஆட்டத்தில் நாலுதான் ஆடினான்.
அந்த நாலில் அறுபத்தொரு புள்ளி.
கவின்ராஜ் பையன் ஒன்பதும் ஆடினான், எண்பத்தொன்று.
பில் போடும் பேனாவால் கையிலேயே கணக்குப் போட்டேன்:
மாசிலாமணி ஐந்து ஆடினால் எழுபத்தைந்து,
ஆறு ஆடினால் தொண்ணூறு.
அந்த ஓர் ஆட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பகலெல்லாம் எனக்கு இதே வேலை.
ஒரு கைப்பிடி நெல்லை மெஷினில் போடுவேன்.
பதினேழுக்குள் என்றால் தூற்று,
மேலே போனால் காயட்டும்.
பதினேழு புள்ளி நாலு காட்டும்போதுதான்
நானும் விவசாயியும் சேர்ந்து வானத்தைப் பார்ப்போம்.
எடுத்தால் எடைக் குறைவு என் சம்பளத்தில்.
எடுக்காவிட்டால் குவியலிலேயே முளைவிடும்.
காயாததற்கும் காயம்பட்டதற்கும்
மெஷினில் தனித்தனிப் பொத்தான் கிடையாது.

கவின்ராஜை எழுதினேன்.

ரியாசுதீன் இரண்டு பேர், செங்கதிர் இரண்டு பேர்.
மாசிலாமணி பெயர் வரவில்லை.
'பஸ்ஸை விட்டு எறங்குறப்ப பார்த்தேன்,
கம்பியைப் புடிச்சுக்கிட்டு எறங்குறான்' என்றான் ரியாசுதீன்,
கேட்காமலே.
கேட்காமல் வரும் தகவலை நான் நம்புவதில்லை.
வைரக்கண்ணு முறை. அவருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு.
பீடியை அணைத்துவிட்டு யார் யாரையோ சொன்னார்.

எட்டாவது.
இன்னும் இருக்கிறான்.
இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தவன் இருக்கும்போது
ஏன் இருக்கிறான் என்று பயம் வந்தது.
இவர்களுக்கு என்ன தெரியும்?
எட்டாவதாக ஒரு பிடிகாரனை எழுதினேன்.
ஒன்பதாவதாக, மெல்ல, மாசிலாமணி.

யாரும் சிரிக்கவில்லை.
வைரக்கண்ணு தன் முட்டிப் பட்டையைத் தளர்த்திக் கட்டியபடி சொன்னார்:
'நல்ல ஆளுதான். கோரையாத்து அந்தாண்ட என் மச்சினன் முறை.'
பின்னே ஏன் எடுக்கவில்லை?
'எடுத்திருந்தா அவன் எறங்கணும்னு
தெனம் நான் வேண்டிக்கிட்டு இருக்கணும்.
அவன் பொண்டாட்டி எறங்கக்கூடாதுன்னு வேண்டுறா.'

அதற்குள் தூறல் விழுந்தது.
தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினோம்.
வைரக்கண்ணு அட்டி மேல் ஏறி
தார்ப்பாய் மூலையை இழுத்துக் கட்டினார்,
ஒவ்வொரு படிக்கும் வலது கால் முதலில்.
இரண்டு பருவமாக அவர் ஏற்றிய மூட்டைகளை எண்ணி எழுதியிருக்கிறேன்.
எந்தக் கால் என்று பார்த்ததில்லை.

ஐந்து ஆட்டத்தில் எழுபத்தெட்டு எடுத்தான்.

ஆறாவது, பள்ளிக்கூட மைதானம், மின்விளக்குப் பூச்சிகள்.
பெஞ்சிலிருந்து எழுந்தான்.
கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான், பிறகு முட்டியைத் தொட்டான்.
கூட்டம் விசிலடித்தது.
எனக்கு இடப்பக்கம் வைரக்கண்ணு.
நான் வாயே திறக்கவில்லை.
சட்டைப்பைக்குள் விரல்கள் மட்டும்
எழுபத்தெட்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தன.